முழுவதும் ஒப்புக்கொடுத்தேன், மறுபடியும் விழுந்தேன்: ஒரு தம்பியின் கேள்விக்கு விரிவான பதில்

தம்பி, உங்கள் கேள்வியை மற்றவர்களும் புரிந்துகொள்ளும்படி முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் அப்பா காலத்திலிருந்து கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறீர்கள். சில பேர் கூலிக்கு வேலை செய்கிறார்கள். வருடந்தோறும் ஏற்காட்டில் நடக்கும் உபவாசக் கூடுகைக்குப் போகிறீர்கள். கடைசி இரவில் "முழுவதுமாக ஒப்புக்கொடுக்கிறவர்கள் கையை உயர்த்துங்கள்" என்றதும் அழுதுகொண்டே கையை உயர்த்துகிறீர்கள். மலையிறங்கி அஸ்தம்பட்டி வரும்வரை அந்த அனல் இருக்கிறது. சில நாட்களில் அதே கோபம், அதே கணக்கு வழக்கு, அதே பயம். இந்த முறை வந்திருந்த ஊழியர், "நீ பாதி மனதோடு இருக்கிறாய். தொழிலை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்கு வா. அம்மாவைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லியிருக்கிறார். அம்மாவுக்கு வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ். மனைவிக்குச் சம்மதமில்லை. "என் அர்ப்பணிப்பு பொய்யா ஐயா? முழு இருதயம் என்றால் என்னதான்?" என்று எழுதியிருக்கிறீர்கள்.

பொய் இல்லை. அழுத கண்ணீரும் பொய் இல்லை. ஆனால் எதை என்று சொல்லாமலே கொடுத்திருக்கிறீர்கள். "என் எல்லாவற்றையும் தருகிறேன் ஆண்டவரே" என்று சொல்வது எளிது, ஏனென்றால் அந்த "எல்லாம்" என்பதற்குள் என்னென்ன இருக்கிறது என்று அந்த இரவில் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கொடுக்க ஆரம்பிக்கும்போதுதான் ஒப்புக்கொடுத்தல் ஆரம்பிக்கிறது. நான் சொல்ல நினைப்பது இதுதான். மீதியெல்லாம் இதற்கு விளக்கம்.

நீங்கள் அந்த இரவில் கேட்ட வசனம் ரோமர் 12:1 ஆகத்தான் இருக்கும். கூடுகைகளில் பெரும்பாலும் அதைத்தான் எடுப்பார்கள். "உங்கள் சரீரங்களைப் பரிசுத்தமும் தேவனுக்குப் பிரியமுமான ஜீவபலியாக ஒப்புக்கொடுக்கவேண்டுமென்று, தேவனுடைய இரக்கங்களை முன்னிட்டு உங்களை வேண்டிக்கொள்ளுகிறேன்." பவுல் இதை எங்கே வைத்திருக்கிறார் என்று பாருங்கள். பதினொரு அதிகாரம் முழுக்க மனிதன் கொடுக்க வேண்டியதைப் பற்றி அல்ல, தேவன் கொடுத்ததைப் பற்றியே எழுதுகிறார். நாம் பாவிகளாயிருக்கையில் கிறிஸ்து மரித்தது, ஆக்கினைத்தீர்ப்பு இல்லாமற்போனது, எதுவும் நம்மைத் தேவ அன்பைவிட்டுப் பிரிக்க முடியாது என்பது, இஸ்ரவேலைத் தேவன் கைவிடாதது. அதையெல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் பன்னிரண்டாம் அதிகாரத்தில் வேண்டுகோள் வருகிறது. கட்டளையாகக்கூட அவர் சொல்லவில்லை, வேண்டிக்கொள்கிறார். "கொடுத்தால்தான் ஆசீர்வாதம்" என்று உங்களுக்குச் சொல்லப்பட்டது இதற்கு நேர் எதிரான வரிசை. அங்கே கொடுப்பது நாம், பதிலுக்குத் தருவது கடவுள். பவுலிடம் கடவுள் முந்திக்கொண்டு கொடுத்துவிட்டார், நாம் கொடுப்பது அதற்குப் பதில். அந்த வரிசை மாறினால் அர்ப்பணிப்பு வியாபாரமாகிவிடும். பெத்தேலில் யாக்கோபு பண்ணின பொருத்தனையைப் பாருங்கள்: "நீர் என்னோடே இருந்து, சாப்பாடும் துணியும் தந்து, பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்தால், அப்போது நீர் எனக்குத் தேவன்" என்கிற பேரம். தேவன் அந்த யாக்கோபையும் தள்ளிவிடவில்லை. ஆனால் பேரம் பேசுகிற பழக்கம் அவனைவிட்டுப் போக எத்தனை ஆண்டுகள் பிடித்தன என்று ஆதியாகமத்தைத் தொடர்ந்து வாசித்தால் தெரியும்.

அடுத்து, கையை உயர்த்துவது பற்றி. கூட்டத்தின் முடிவில் ஜனங்களை எழும்பச் செய்து, முன்னால் வரவழைத்து, அந்த இடத்திலேயே தீர்மானம் எடுக்கச் சொல்லும் முறையைப் பெரிய அளவில் பரவச் செய்தவர் அமெரிக்கப் பிரசங்கியார் சார்ல்ஸ் ஃபின்னி. 1830 வாக்கில் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரத்துக் கூட்டங்களில் அவர் அதைச் செய்தார். அமெரிக்க எழுப்புதல் கூட்டங்களிலிருந்து அது உலகமெங்கும் போனது, நம் ஊருக்கும் வந்தது. அதனால் அது தவறு என்று நான் சொல்லவில்லை. பலருடைய வாழ்க்கை அப்படிப்பட்ட ஓர் இரவில் திரும்பியிருக்கிறது, எனக்குத் தெரிந்தவர்களே இருக்கிறார்கள். ஆனால் அது ஒரு வழிமுறை, அவ்வளவே. கையை உயர்த்தின கணத்தில் ஏதோ முடிந்துவிட்டது என்றும், மறுபடி விழுந்தால் அந்தக் கணம் செல்லாததாகிவிட்டது என்றும் வேதம் எங்கும் சொல்லவில்லை.

பழைய எருசலேம் ஆலயத்தில் சர்வாங்க தகனபலியாக, அதாவது முழுவதும் எரிக்கும் பலியாக, கொடுத்த ஆடு ஒரே ஒரு தடவைதான் பலியாகும், அதன் கதை அன்றோடு முடிந்தது. பவுல் கேட்பது ஜீவபலி. அது நாளைக் காலையிலும் உயிரோடு எழும்பும். எனவே நாளைக் காலையிலும் கொடுத்தாக வேண்டும். ஆண்டவரும் சிலுவையை அனுதினமும் எடுத்துக்கொண்டு வரச் சொன்னார் என்று லூக்கா எழுதுகிறார். திரும்பத் திரும்ப ஒப்புக்கொடுக்க வேண்டியிருப்பதை நீங்கள் தோல்விக்கு அடையாளமாக எடுத்துக்கொண்டீர்கள். அது அப்படியல்ல, அதன் இயல்பே அதுதான்.

இதைச் சபை நன்றாகவே அறிந்திருந்தது. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1755 ஆகஸ்டில் லண்டனில் உடன்படிக்கை ஆராதனை ஒன்றை நடத்தினார். "நான் இனி என்னுடையவன் அல்ல, உம்முடையவன்" என்கிற பொருளில் போகும் ஜெபம் அது. வேலைக்கு எடுத்தாலும் சரி, ஒதுக்கி வைத்தாலும் சரி, நிரம்பியிருந்தாலும் வெறுமையாயிருந்தாலும் சரி என்று ஒவ்வொன்றாகச் சொல்லி ஒப்புக்கொடுப்பது. ஒருமுறை செய்து முடித்துவிட்ட காரியமாக அவர் அதை வைக்கவில்லை. மெதடிஸ்டுகள் அதை வருடந்தோறும், பெரும்பாலும் புத்தாண்டையொட்டி, திரும்பச் செய்தார்கள். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) உருவானபோது மெதடிஸ்டுகளும் அதில் இணைந்தார்கள், அந்த ஆராதனையும் கூடவே வந்தது. ஆகவே சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்தவர்கள் பலர் புத்தாண்டு உடன்படிக்கையைச் சொல்லியிருப்பார்கள், என்ன சொல்கிறோம் என்று கவனிக்காமலே. அடுத்த முறை அந்த ஜெபத்தை மெதுவாக வாசித்துப் பாருங்கள். எந்த வரியில் உங்கள் வாய் தயங்குகிறதோ அந்த இடத்தில்தான் உங்களுக்கு வேலை இருக்கிறது.

நீங்கள் ஏற்காடு போகும்போதெல்லாம் மான்ட்ஃபோர்ட் பள்ளி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 1917-ல் புனித கபிரியேல் சபைச் சகோதரர்கள் தொடங்கியது. அந்தப் பெயருக்கு உரியவர் யார் என்று கேட்டால் ஊரில் அநேகருக்குத் தெரியாது. லூயி மரி த மான்ட்ஃபோர்ட், பிரான்சில் 1673 முதல் 1716 வரை வாழ்ந்த குருவானவர். அவருடைய போதனையின் நடுவே நிற்பது முழு அர்ப்பணம்தான். நீங்கள் கேட்கும் கேள்விக்கே தன் வாழ்நாளைச் செலவழித்தவரின் பெயர் அந்த மலையில் ஒரு பள்ளிக்கூடத்தின் வாசலில் இருக்கிறது. போப் இரண்டாம் ஜான் பால் "முழுவதும் உம்முடையவன்" என்ற பொருள்படும் தன் விருதுவாக்கை இவரிடமிருந்துதான் எடுத்துக்கொண்டார். மரியாள் வழியாக இயேசுவுக்கு என்பது மான்ட்ஃபோர்ட்டின் வழி. உங்கள் சபைப் பின்னணிக்கு அது ஒட்டாமல் இருக்கலாம், அதை நான் வற்புறுத்தப்போவதில்லை. அவர் மனிதரை எப்படித் தயார் செய்கிறார் என்பதை மட்டும் பாருங்கள். ஓர் இரவில் அல்ல, 33 நாள். முதல் பன்னிரண்டு நாள் உலகத்தின் மனப்பான்மையிலிருந்து தன்னை விலக்கிக்கொள்ள. பிறகு ஒரு வாரம் தன்னை அறிய, ஒரு வாரம் மரியாளை அறிய, ஒரு வாரம் கிறிஸ்துவை அறிய. எல்லாம் முடிந்து அர்ப்பணம் செய்கிற நாளில் அவர் புதிதாக எதையும் சேர்ப்பதில்லை. இது ஞானஸ்நானத்தில் கொடுத்த வாக்கைப் புதுப்பிப்பதே என்று தெளிவாகச் சொல்கிறார்.

அதே மலையில் துறவற சபைகளின் இல்லங்களும் இருக்கின்றன. வாழ்நாள் முழுவதையும் கொடுக்க வருகிறவரைக் கத்தோலிக்கத் திருச்சபை எப்படி நடத்துகிறது தெரியுமா? குறைந்தது பன்னிரண்டு மாதம் நவசன்னியாசம் என்கிற தொடக்கப் பயிற்சி. அதன் பிறகு ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்ற மூன்று வார்த்தைப்பாடுகளைத் தற்காலிகமாக மட்டும் கொடுக்க அனுமதிக்கிறது. அது மூன்று வருடத்துக்குக் குறையக்கூடாது, சாதாரணமாக ஆறு வருடத்துக்கு மேல் போகாது, தேவையானால் ஒன்பது வரை நீட்டலாம். அப்புறம்தான் நித்திய வார்த்தைப்பாடு. வயதும் அழைப்பும் நல்ல மனமும் உள்ள ஒருவரையே இத்தனை ஆண்டு காத்திருக்கச் சொல்கிறது திருச்சபை. தூக்கமில்லாத மூன்றாம் நாள் இரவில், வெறும் வயிற்றில், பாட்டு ஓடிக்கொண்டிருக்கையில், கையில் நோயாளித் தாய் இருக்கும் ஒருவரிடம் "இன்றே முடிவெடு" என்று கேட்பது எந்த மரபிலும் ஞானமான காரியமாக எண்ணப்பட்டதில்லை. கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செல்லுஞ்செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று சொன்னவர் இயேசுவே.

இப்போது தொழிலை விடுவது பற்றி. சுவிசேஷங்களில் இயேசு எல்லாரிடமும் ஒன்றையே கேட்கவில்லை. மாற்கு பத்தாம் அதிகாரத்து ஐசுவரியவானிடம் "உனக்கு உண்டானவைகளையெல்லாம் விற்று" என்றார், அவன் துக்கத்தோடே போய்விட்டான். ஆனால் எரிகோவில் சகேயு எழுந்து நின்று "என் ஆஸ்திகளில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன், அநியாயமாய் வாங்கினதுண்டானால் நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்" என்றபோது, "மீதிப் பாதி எங்கே?" என்று அவர் கேட்கவே இல்லை. "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்றார். சகேயு வரிவசூலிப்பை விட்டான் என்றும் எழுதியிருக்கவில்லை. மூன்றாவது ஆள், லேகியோன் என்கிற பிசாசுக் கூட்டம் பிடித்திருந்து குணமானவன். அவன் படகருகே வந்து, உம்மோடுகூட வருகிறேன் என்று கெஞ்சினான். முழுநேர ஊழியத்துக்குத் தானாகவே முன்வந்தவன்! இயேசு உத்தரவு கொடுக்கவில்லை. உன் வீட்டாரிடத்துக்குப் போய், கர்த்தர் உனக்குச் செய்ததைச் சொல் என்று திருப்பி அனுப்பினார்.

ஒருவனிடம் எல்லாம் விற்கச் சொன்னார், ஒருவனிடம் பாதியை ஏற்றுக்கொண்டார், ஒருவனை வீட்டுக்கு அனுப்பினார். மூன்று இடத்திலும் அவர் தொட்டது அந்தந்த மனிதன் எதைப் பற்றிக்கொண்டிருந்தானோ அதை. ஐசுவரியவானைப் பிடித்து வைத்திருந்தது அவனுடைய ஆஸ்தி. சகேயுவின் கையிலிருந்தது பிறர் காசு. குணமானவனுக்குத் தன் ஊரை நேருக்கு நேர் பார்க்கும் பயம் இருந்திருக்கலாம். கல்லறைகளில் கிடந்ததை எல்லாரும் பார்த்த ஊர் அல்லவா? இது என் ஊகம்தான். பவுல் கொரிந்துவில் ஒன்றரை வருடம் இருந்தபோது கூடாரம் பண்ணுகிற தொழிலில் ஈடுபட்டார். பிலிப்பியில் சபைக்குத் தன் வீட்டைத் திறந்த லீதியாள் இரத்தாம்பரம் என்கிற விலையுயர்ந்த சிவப்புத் துணி விற்கிறவள், அதை விட்டுவிடும்படி யாரும் அவளிடம் சொல்லவில்லை. நம் பக்கத்தில் பாருங்கள்: 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயம் பிள்ளை குருவானவர் அல்ல, துறவியும் அல்ல. திருவிதாங்கூர் அரசில் அலுவல் பார்த்த, மனைவியோடு குடும்பம் நடத்திய மனிதர். 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார், 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் கொடுத்ததைப் பாதி மனது என்று யார் சொல்ல முடியும்?

உங்களிடம் ஆண்டவர் எதைக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியாது, அந்த ஊழியருக்கும் தெரியாது. ஆனால் எங்கே தேடத் தொடங்கலாம் என்று சொல்ல முடியும். சேலத்துக்காரர் என்பதால் உங்களுக்கு மல்கியா மூன்றாம் அதிகாரம் மற்றவர்களைவிட நன்றாகப் புரியும். "அவர் உட்கார்ந்து வெள்ளியைப் புடமிட்டுச் சுத்திகரித்துக்கொண்டிருப்பார்" என்று அங்கே கர்த்தரைப் பற்றி எழுதியிருக்கிறது. உருக்குகிறவர் எழுந்து போய்விட முடியாது என்பது பட்டறையில் பிறந்த உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நெருப்பு குறைந்தாலும் கெடும், மிஞ்சினாலும் கெடும், அழுக்கு மேலே வரும் நேரத்தில் ஆள் அங்கே இருந்தாக வேண்டும். உங்களுக்குள் பழைய கோபமும் பழைய பயமும் கூடுகை முடிந்த பிறகு மேலே வருகிறதே, அதைக் கண்டு அவர் உங்களை விட்டுப் போய்விட்டார் என்று நினைக்கிறீர்கள். அழுக்கு மேலே வருவது சூடு ஏறியிருப்பதால்.

அதே அதிகாரத்தின் பத்தாம் வசனம் எல்லாருக்கும் மனப்பாடம்: தசமபாகத்தைப் பண்டசாலையில் கொண்டுவாருங்கள், வானத்தின் பலகணிகளைத் திறப்பேன். ஐந்தாம் வசனத்தை யாராவது பிரசங்கித்துக் கேட்டிருக்கிறீர்களா? புடமிடுவதைச் சொல்லி இரண்டே வசனம் தாண்டி, கர்த்தர் யாருக்கு விரோதமாகத் தீவிரமான சாட்சியாக வருவார் என்ற பட்டியல் இருக்கிறது. சூனியக்காரர், விபசாரர், பொய்யாணை இடுகிறவர்கள் என்று வந்து, அதே வரிசையில் கூலிக்காரரின் கூலியை அபகரிக்கிறவர்கள் நிற்கிறார்கள். தசமபாகம் அதற்குப் பிறகு வருகிறது. கூலியைத் தொடாமல் காணிக்கைக்கு அந்த அதிகாரத்தில் போகவே முடியாது. மூன்றாம் வசனம் புடமிடுதலின் நோக்கத்தையே இப்படித்தான் சொல்கிறது: அவர்கள் நீதியாய்க் காணிக்கையைச் செலுத்தும்படி.

ஆகவே முழு இருதயத்தோடும் என்பதை உங்கள் பட்டறைக்குள் கொண்டுவந்து பாருங்கள். எண்பது டச், அதாவது நூற்றில் எண்பது பங்கு வெள்ளி, என்று சொல்லிக் கடைக்குக் கொடுக்கிற கொலுசு உருக்கிப் பார்த்தால் எண்பது நிற்குமா? பற்றவைக்கிற இடங்களில் போகிற கலப்பு உலோகத்தையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். "எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள், நான் மட்டும் சரியாகச் செய்தால் தொழிலில் நிற்க முடியாது" என்று நினைப்பீர்கள். அந்தப் பயம் நியாயமானது, அதைச் சிறுமைப்படுத்த எனக்கு மனமில்லை. வெள்ளி விலை ஏறி இறங்கும்போது சின்னப் பட்டறைக்காரர்கள் படும் பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். ஆனாலும் "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது, சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்" என்கிறது நீதிமொழிகள் 11:1. எண்பது வராது என்று தெரிந்தால் எழுபத்தைந்து என்று சொல்லியே விற்கலாம், விலையைக் குறைத்துக்கொண்டு. அதில் நஷ்டம் வரும். ஒப்புக்கொடுத்தல் என்பது வலிக்கிற இடம் அங்கேதான் இருக்கும், மலை மேல் அல்ல.

கூலியும் அப்படியே. அன்றன்றைய கூலியைப் பொழுதுபோகுமுன்னே கொடுத்துவிட வேண்டும், அவன் ஏழை, அவன் ஆத்துமா அதன்மேல் நோக்கமாயிருக்கிறது என்று உபாகமம் 24 சொல்கிறது. கடைக்காரரிடமிருந்து உங்களுக்குப் பணம் வரத் தாமதமாகும்போது முதலில் யாருடைய பணம் நிற்கிறது? உங்கள் வீட்டுச் செலவா, சபைக் காணிக்கையா, வேலையாள் கூலியா? முன்பணம் வாங்கியிருக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காக வேறு பட்டறைக்குப் போக முடியாமல் ஒருவர் உங்களிடம் மாட்டிக்கொண்டிருக்கிறாரா? வேலையாளிடம் உங்கள் குரல் எப்படி இருக்கிறது? அவர்களில் கிறிஸ்தவர் அல்லாதவர்கள் இருப்பார்கள். உங்கள் அர்ப்பணிப்பைப் பற்றி அவர்கள் சாட்சி சொல்ல வேண்டி வந்தால் என்ன சொல்வார்கள் என்று ஒருநாள் உட்கார்ந்து நினைத்துப் பாருங்கள்.

இதையெல்லாம் ஒரே வாரத்தில் சரிசெய்யச் சொல்லவில்லை. ஒன்றை எடுங்கள். பெயர் சொல்லி, "ஆண்டவரே, இந்த எடைக் கணக்கை உமக்குத் தருகிறேன்" என்று சொல்லுங்கள். அடுத்த மாதம் இன்னொன்று. சங்கீதம் 139-ன் முடிவில் தாவீது கேட்பது இதைத்தான்: "வேதனை உண்டாக்கும் வழி என்னிடத்தில் உண்டோ என்று பார்த்து, நித்திய வழியிலே என்னை நடத்தும்." அந்த ஜெபத்தை இரவு பட்டறையைப் பூட்டுகிற நேரத்தில் சொல்லிப் பழகுங்கள். அன்றைக்கு நடந்ததை அவர் முன்னால் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்: எங்கே பொய் சொன்னேன், எங்கே பயந்தேன், எங்கே அவர் கொடுத்ததை வாங்கிக்கொண்டு நன்றி சொல்லாமல் போனேன். பத்து நிமிடம் போதும். குற்றங்களை மட்டும் எண்ணாதீர்கள், நன்றியையும் எண்ணுங்கள். இரக்கத்தை மறந்துவிட்டு ஒப்புக்கொடுக்க முயன்றால் ஒன்று மனம் ஒடிந்துபோகும், அல்லது பெருமை வந்துவிடும்.

அம்மா விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. மாற்கு ஏழாம் அதிகாரத்தில் இயேசு பரிசேயரிடம் கோபப்படுகிறார். தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டிய உதவியைக் "கொர்பான்", அதாவது தேவனுக்கு என்று நேர்ந்துவிட்ட காணிக்கை எனச் சொல்லி, பெற்றோருக்கு ஒன்றும் செய்யாமல் இருக்க வழி பண்ணிக்கொண்டார்கள் என்று. தேவனுடைய பெயரைச் சொல்லித் தாயைக் கைவிடுவதை அவர் அர்ப்பணிப்பாக ஏற்கவில்லை, தேவ கற்பனையை அவமாக்குவது என்றார். சிலுவையில் தொங்கும்போதே தம் தாயை யோவானிடம் ஒப்படைத்தவர் அவர். டயாலிசிஸ் அன்று நீங்கள் அம்மாவின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் நாலு மணி நேரம் ஊழியத்திலிருந்து திருடிய நேரம் அல்ல. விசுவாசம் இருந்தால் சிகிச்சையை நிறுத்திப் பாருங்கள் என்று யாராவது சொன்னால் ஒரு கணமும் கேட்காதீர்கள். சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்தவருக்கு அதை நிறுத்தினால் பெரும்பாலும் சில நாட்களில், அல்லது ஓரிரு வாரங்களில் உயிர் போகும். பவுலோடு பயணம் செய்த லூக்கா வைத்தியர். தீமோத்தேயுவின் வயிற்றுக்காகவும் அடிக்கடி வரும் பலவீனங்களுக்காகவும் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளச் சொன்னவர் பவுல். மருந்துக்கும் ஜெபத்துக்கும் நடுவே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேதம் யாரையும் கேட்கவில்லை.

மறுபடி மறுபடி விழுவது பற்றி. "உம்மோடே நான் மரிக்கவேண்டியதாயிருந்தாலும் உம்மை மறுதலிக்கமாட்டேன்" என்று பேதுரு சொன்னபோது முழு மனதோடுதான் சொன்னான். சேவல் கூவுமுன் மூன்று தரம் மறுதலித்தான். உயிர்த்தெழுந்த ஆண்டவர் திபேரியாக் கடற்கரையில் அவனிடம், நீ அன்று கொடுத்த வாக்கு என்னவாயிற்று என்று கேட்கவில்லை. "நீ என்னை நேசிக்கிறாயா?" என்று மூன்று தரம் கேட்டார். ஒவ்வொரு தரமும் ஒரு வேலையைக் கொடுத்தார்: என் ஆடுகளை மேய். விழுந்தவனிடம் பெரிய சபதம் எதையும் அவர் திரும்ப வாங்கவில்லை. பிசாசு பிடித்த பிள்ளையைக் கொண்டுவந்த தகப்பன் "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கண்ணீரோடு சொன்னான். அதைவிடப் பாதி மனது உண்டா? பிள்ளை குணமானான். முழு இருதயம் என்பது நாம் தயாரித்துக்கொண்டு போகிற பொருள் அல்ல. அதையும் அவரிடமே கேட்டு வாங்க வேண்டும்: "என் இருதயத்தை ஒருமுகப்படுத்தும்" என்று சங்கீதம் 86 ஜெபிக்கிறது. விருப்பத்தையும் செய்கையையும் நம்மில் உண்டாக்குகிறவர் தேவனே என்று பிலிப்பியருக்குப் பவுல் எழுதுகிறார்.

கெத்செமனேயையும் நினையுங்கள். "இந்தப் பாத்திரத்தை என்னிடத்திலிருந்து எடுத்துப்போடும்" என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் "ஆகிலும் என் சித்தத்தின்படியல்ல" என்றார் இயேசு. தமக்கு என்ன வேண்டும் என்பதை அவர் மறைக்கவில்லை. மூன்று தரம் அதே வார்த்தைகளைச் சொல்லி ஜெபித்தார். எனவே அம்மா பிழைக்க வேண்டும், பட்டறை மூடக்கூடாது, மகள் படிக்க வேண்டும் என்று கேட்பது அர்ப்பணிப்புக் குறைவு அல்ல. உள்ளதைச் சொல்லாமல் உதட்டளவில் "உம் சித்தம்" என்று சொல்லிப் பழகினவர்களைப் பார்த்திருக்கிறேன். நாளடைவில் அவர்களுக்கு ஜெபிக்கவே மனம் வருவதில்லை.

கடைசியாக, நீங்கள் ஒப்புக்கொடுப்பது தேவனுக்கு. ஊழியருக்கு அல்ல. இதைச் சற்றுக் கடுமையாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு குடும்பம் சிதைந்தவர்கள் உண்டு. மக்கெதோனியா சபையார் முதலில் தங்களைக் கர்த்தருக்கு ஒப்புக்கொடுத்தார்கள் என்று 2 கொரிந்தியர் 8 சொல்கிறது; காணிக்கை அதற்குப் பின்புதான். உங்கள் நகையையும் நிலப்பத்திரத்தையும் ஒரு மனிதர் கேட்டால், மனைவிக்குத் தெரியாமல் வைத்துக்கொள்ளச் சொன்னால், கேள்வி கேட்பதை அவிசுவாசம் என்றால், அங்கே நடப்பது வேறு. கர்த்தர் உண்மையாகவே அழைத்திருந்தால் ஒரு வருடம் பொறுத்துச் சோதித்தாலும் அந்த அழைப்பு கெட்டுப்போகாது. சபை மூப்பர்கள், உங்களை நன்றாக அறிந்த ஒரு போதகர், எல்லாருக்கும் மேலாக உங்கள் மனைவி, இவர்களோடு பேசி ஆராயுங்கள். மனைவி மறுப்பதைத் தடையாக மட்டும் பார்க்காதீர்கள். உங்கள் கோபத்தையும் கணக்கையும் பக்கத்திலிருந்து பார்க்கிறவர் அவர். எதை முதலில் ஒப்புக்கொடுக்க வேண்டும் என்று அவரிடம் கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும்.

அந்த ஊழியருக்கு மரியாதையாகவே பதில் சொல்லுங்கள். அவர் நல்ல எண்ணத்தோடும் சொல்லியிருக்கலாம். "ஐயா, ஜெபிக்கிறேன், இந்த வருடம் தொழிலையும் அம்மாவையும் விடப்போவதில்லை, எனக்காகவும் ஜெபியுங்கள்" என்றால் போதும். அவர் அதற்கு மேலும் வற்புறுத்தினால் உங்கள் சபைப் போதகரிடம் சொல்லி, அவரையே பேசச் சொல்லுங்கள்.